‘கேஷ்’ என்ற சொல்லுக்கு இரண்டு பிறப்பு: தமிழ் மன்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தமிழ் மன்றம் நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய நாணயங்கள் சேர்ப்பதில் ஈடுபாடு உண்டு. காலையில் ‘கேஷ் எடுத்தாச்சா?’, சாயங்காலம் ‘கேஷ் டேலி ஆச்சா?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் போயிற்று. அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன்.

தமிழ் விழா, மன்றத் தொடக்க விழா என்றால் அரங்கின் வாசலில் மாணவர்கள் எழுதிய அட்டைகள் வரிசையாகத் தொங்கும். ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ என்று ஓர் அட்டை கட்டாயம் இருக்கும். அதில் மேலே, பெரும்பாலும் முதல் வரியிலேயே, ‘காசு என்பதிலிருந்து கேஷ் வந்தது’ என்று இருக்கும். அப்படி ஓர் அட்டையின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம் ‘எப்படிம்மா தெரியும்?’ என்று கேட்டேன். ‘சத்தம் ஒண்ணா இருக்குல்ல அங்கிள்’ என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அந்த வரி பாதி உண்மை, பாதி பிழை. இரண்டையும் பிரித்துக் காட்டினால் கிடைக்கும் கதை இப்போது அட்டையில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. அதைத்தான் மாணவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நல்ல ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போடுகின்றன. ஒன்று, ரொக்கம் என்ற பொருளில் இன்று உலகமே சொல்லும் ‘கேஷ்’. மற்றொன்று, ஆசியாவில் புழங்கிய சிறு செப்பு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்குப் பணம் வைக்கும் பெட்டி என்ற பொருளும் இருந்தது. நம் மளிகைக் கடை முதலாளி பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறாரே, அந்தக் கல்லாப்பெட்டி. பிரெஞ்சில் ‘கேஸ்’, இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, இரண்டுக்கும் தாய் லத்தீனின் ‘காப்ஸா’. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைத்த பெட்டிக்கு அந்தப் பெயர். மாத்திரைக் கடையில் வாங்கும் கேப்சூல், பாட்டு கேட்ட கேசட், கண்ணாடி வைக்கும் கேஸ் எல்லாம் அதே பெட்டியின் வழிவந்தவை. பெட்டியின் பெயர் நாளடைவில் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. பெட்டி என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டோடு ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. பணம் மட்டும் நின்றது. இந்த மாற்றம் நமக்கு அந்நியமானதில்லை. ‘இந்தப் பொங்கலுக்கு நல்லா கல்லா கட்டிட்டான்’ என்று நாம் சொல்லும்போது யாரும் பெட்டியை நினைப்பதில்லை. இலக்கணத்தில் இடவாகுபெயர் என்று நீங்கள் நடத்துவதுதான் இது. ‘கேஷ்’ என்ற சொல்லை வைத்தே அந்தப் பாடத்தை நடத்தலாம்.

‘காசு இங்கிருந்து கப்பலேறிப்போய்ப் பிறகு காஸ்ஸா ஆகியிருக்கக் கூடாதா?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டும். விடை தேதியில் இருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் முதலில் விளக்கிய லூக்கா பாச்சோலியின் நூல் 1494ல் வெனிஸில் வெளிவந்தது. வணிகர் தம் கையிருப்பு ரொக்கத்தை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்று அவர் சொல்கிறார்: ‘காஸ்ஸா’. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கியது 1498ல். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600 டிசம்பர் 31. மசூலிப்பட்டினத்துக்கு அவர்கள் வந்தது 1611ல், சென்னைக்கு 1639ல். ஆக, போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் நம்மோடு கடல்வழி வியாபாரம் தொடங்கும் முன்பே ரொக்கம் என்ற பொருளில் பெட்டிச் சொல் ஐரோப்பியக் கணக்கேடுகளில் உட்கார்ந்துவிட்டது. வங்கிகளில் நாம் அன்றாடம் சொல்லும் ‘கேஷ்’ அந்தப் பெட்டிதான். ‘கேஷியர்’ என்றால் பெட்டிக்குப் பொறுப்பானவர்.

இனி இரண்டாவது. இதுதான் நம்முடையது.

போர்த்துக்கீசியர் இந்தியக் கரைக்கு வந்து சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்தபோது மிகச் சிறிய நாணயத்தின் பெயர் அவர்கள் காதில் விழுந்தது: காசு. அதை அவர்கள் ‘கைஷா’ என்று ஆக்கிக்கொண்டார்கள். இங்கேதான் கதை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ‘கைஷா’ என்பது போர்த்துக்கீசியத்தில் ஏற்கனவே இருந்த சொல். பொருள், பெட்டி! லத்தீன் ‘காப்ஸா’வின் போர்த்துக்கீசியப் பேரன். தமிழ்நாட்டு நாணயத்தின் பெயரைத் தங்களுக்குப் பழகிய பெட்டியின் உருவத்திலேயே எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். நாணயத்தின் பெயரைத் தங்களிடம் இருந்த ‘கேஷ்’ என்ற எழுத்துக்கூட்டலில் போட்டார்கள். அந்த மாணவி கேட்ட ஒற்றுமைச் சத்தம் இப்படி உண்டானது. இரண்டு வெவ்வேறு சொற்கள் மாலுமிகள் வாயிலும் கம்பெனிக் குமாஸ்தாக்கள் பேனாவிலும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. சத்தம் ஒன்றாக இருப்பதை உறவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் இந்த வரலாறு முழுவதும் மறைந்துபோகும்.

ஆங்கிலேய இந்தியாவின் சொற்களைத் தொகுத்த யூலும் பர்னலும் 1886ல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இந்த இரண்டாவது ‘கேஷ்’ பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். தமிழ்க் காசிலிருந்தோ, ஒருவேளை கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்தோ போர்த்துக்கீசியர் எடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கூற்று. அதற்கும் பின்னால் ‘கர்ஷம்’ என்ற வடமொழி நிறைப் பெயரைக் காட்டுகிறார்கள். இதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வகுப்பில் விவாதம் வரட்டும். காசு என்ற சொல் தமிழ் மண்ணில் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதை எடுத்துவைக்க நம்மிடம் இலக்கியமும் கல்வெட்டும் இருக்கின்றன. விவாதத்தைக் கண்டு பின்வாங்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

குறுந்தொகையின் 67ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. கிளி தன் வளைந்த வாயில் பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது, பொற்கொல்லர் புதுநூலில் கோப்பதற்காகக் கூர்நகத்தால் பிடித்திருக்கும் ‘பொலங்கல ஒருகாசு’ போலத் தெரிகிறதாம். அங்கே காசு அணிகலனில் கோக்கும் பொன்துண்டு. கடைத்தெருவில் கொடுத்து வாங்கும் நாணயம் என்ற பொருளுக்கு ஞானசம்பந்தரிடம் வரலாம். 7ஆம் நூற்றாண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம். அடியாருக்கு அமுது படைக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது என்பது வரலாறு. சம்பந்தர் பெற்ற காசைக் கடைக்காரர்கள் அப்படியே ஏற்கவில்லை, வட்டம் கேட்டார்கள். மாற்றுக் குறைவுக்காகக் கழித்துக்கொள்ளும் தொகை அது. உடனே பாடுகிறார், ‘வாசி தீரவே, காசு நல்குவீர்’ என்று. வாசி என்றால் அந்தக் கழிவுதான். கிழிந்த நோட்டையும் தேய்ந்த நாணயத்தையும் தள்ளிக் கொடுத்தே பழகிய எனக்கு அந்தப் பதிகம் வேறு மாதிரி கேட்கிறது. நாணயத்தின் தரத்தைப் பார்த்து மதிப்பிடும் ஒரு முழுமையான சந்தை அந்த நான்கு சீருக்குள் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால் காசு வட்டிக்கே போயிருக்கிறது. கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டின. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. நான் வேலை பார்த்த காலத்தில் நகைக்கடனுக்கு வாங்கிய வட்டிக்கு ஏறக்குறைய பக்கத்தில் வருகிறது.

இதையெல்லாம் விட உங்கள் மாணவர்களுக்கு நெருக்கமான சாட்சி ஒன்று இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு: நாள், மலர், காசு, பிறப்பு. ஒரு மொழியின் யாப்பிலக்கணம் அளவுகோலாக எடுத்து வைத்த சொற்களில் ஒன்று காசு. அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்லும்போது அந்தச் சொல்லை எத்தனை மாணவர்கள் எழுதியிருப்பார்கள்! அட்டையில் ஏன் இது ஏறுவதில்லை என்று எனக்கு ஆதங்கம்.

காசு வெளியே போன கதையும் சாதாரணமானதில்லை. கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818ல் ரூபாய்க் கணக்குக்கு மாறும்வரை இதுதான் ஓடியது. அந்தக் காலத்துச் செப்பு நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1803 என்று போட்டது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் மாத்யூ போல்ட்டன் வைத்திருந்த சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அடித்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கங்கள் தாங்கிய சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’, அதாவது இருபது காசு நான்கு ஃபலூஸ். அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது போட்டு ஆங்கிலத்தில் ‘கேஷ்’. தமிழ்ச் சந்தையின் சொல் ஒரே செப்புத் தகட்டில் பாரசீக எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விளிம்புத் தேய்மானத்திலும் எழுத்து தெளிவாகத் தெரியும். அட்டையில் ஒட்ட வேண்டிய படம் இது.

இப்படி அடித்த காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1808 என்று பொறித்த பத்துக் காசும் இருபது காசும் குவியல் குவியலாகக் கடலடியில் கிடந்து, 1980களில் முக்குளிப்போர் கையில் சிக்கின. சென்னைக் கடைகளில் உப்புக்கும் புளிக்கும் மாறியிருக்க வேண்டிய அந்த நாணயங்களை இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்போர் ‘கேஷ்’ என்ற பெயரிலேயே வாங்கி விற்கிறார்கள்.

அதைவிட வியப்பு சீனாவில் இருக்கிறது. நடுவில் சதுர ஓட்டை போட்டு நூலில் கோத்து எண்ணும் சீனச் செப்பு நாணயங்களைச் சீனர்கள் ‘ச்சியென்’ என்பார்கள். போர்த்துக்கீசியர் மலாய்த் தீவுகளுக்கும் சீனத்துக்கும் போனபோது அங்கே கண்ட சிறு நாணயத்துக்கும் இந்தியக் கரையில் கற்ற ‘கைஷா’வையே பெயராக வைத்தார்கள். ஆங்கிலேயர் அதை ‘கேஷ்’ ஆக்கினார்கள். இன்றும் ஆங்கிலத்தில் சீனப் பழங்காசுக்கு அதுதான் பெயர். ஹான், தாங், மிங் பேரரசுகளின் நாணயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எந்த அறிஞரும் நம்மூர்ச் சொல்லைத் தொடாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது. சீனச் செப்புக்காசுப் புதையல்கள் நம் தஞ்சை வட்டாரத்திலேயே கிடைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் காசு அண்மைக்காலம் வரை நாணயமாகவே வாழ்ந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிரகதாம்பாள் உருவம் ஒரு பக்கமும் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று மறுபக்கமும் போட்ட அம்மன் காசு. நவராத்திரி தானத்தில் கொடுத்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், அதன் செப்பு நாணயத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றே அச்சு. 1949 வரை அது இருந்தது. 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த குமரி மாவட்டத்து ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர் வீட்டுப் பெட்டியில் தேடினாலே ஒன்றிரண்டு கிடைக்கும்.

இத்தனையும் இருக்க, ‘காசு, கேஷ்’ என்று இரண்டு சொல்லை ஓர் அம்புக்குறியால் கோத்துவிட்டுப் போவதால் என்ன ஆகிறது தெரியுமா? என் அண்ணன் மகன் பள்ளியில் படித்த பட்டியலை அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தான். வேலைக்குப் போன இடத்தில் பேச்சு வந்தபோது ‘கேஷ் எங்கள் சொல்’ என்றிருக்கிறான். கூட இருந்தவர் உடனே அகராதியைத் திறந்து பிரெஞ்சு, லத்தீன் என்று காட்டியிருக்கிறார். அதோடு அவன் வாயடைத்துவிட்டான். கட்டுமரம் (கேட்டமரான்), சுருட்டு (செரூட்), மிளகுத்தண்ணீர் (முல்லிகடானி) என்று எந்த அகராதியிலும் தமிழ் என்று போட்டிருக்கும் சொற்களைக்கூட அதற்குப் பிறகு அவன் எடுத்துச் சொல்லவில்லை. பட்டியல் முழுவதுமே பொய் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. உண்மையான சொத்தின் மேலேயே நம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அதே அட்டைகளில் ‘ஒன்று, ஒன்’, ‘எட்டு, எய்ட்’ என்றும் பார்க்கிறேன். ஆங்கிலத்தின் ‘ஒன்’ ஆயிரம் ஆண்டுக்கு முன் ‘ஆன்’ என்று ஒலித்தது. தொடக்கத்தில் இன்று கேட்கும் ‘வ’ ஒலி பிற்காலத்தில் சேர்ந்தது. ‘எய்ட்’ அன்று ‘எயஹ்த’. ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’. நம் எட்டு எங்கிருந்து வருகிறது? எண்பது, எண்ணூறு, எண்திசை என்று நாமே சொல்கிறோம், கன்னடத்தில் ‘எண்டு’. அடி ‘எண்’. பின்னால் போகப் போக இரண்டும் விலகிப் போகின்றன. உறவுள்ள சொற்கள் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். முந்திரிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கேஷ்யூ’, காசுக்கு எட்டு என்று விற்றதால் வந்தது என்றும் ஒரு கதை சுற்றுகிறது. அது பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல். மரமே அங்கிருந்து வந்ததுதான்.

மாறாக, உண்மையான உறவு சில சமயம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. குருந்தம் என்ற கல்லின் பெயர்தான் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆனது. இஞ்சிவேர் பாலியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’ ஆகி, ‘ஜிஞ்சர்’ ஆயிற்று. ஒவ்வோர் ஊரிலும் யார் வாங்கினார்கள், எப்படி உச்சரித்தார்கள் என்று வழி தெரிகிறது. கொடுத்ததோடு வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் தினமும் திறந்த அலமாரி, அதன் சாவி, மீட்காத நகைக்கு விட்ட ஏலம் மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். காசை எடுத்துப்போன அதே கப்பல்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை.

என் கோரிக்கை சிறியது. மாணவர் ஒரு சொல்லை அட்டையில் எழுதும் முன் மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள்: அந்தச் சொல் அந்த மொழியில் முதலில் எந்தக் காலத்தில், எந்தப் பொருளில் வருகிறது, நம்மிடமிருந்து அங்கே எடுத்துப்போனவர் யார், பழைய உருவங்களைப் பார்க்கும்போது இரண்டும் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா. விசாரித்துப் பார்த்துச் சரியாக வராத சொல்லை நீக்கிவிடட்டும். பத்து வரி மூன்று வரியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. ‘காசு’ வரி மட்டும் நீங்கவே கூடாது. அங்கே ‘வங்கிக் கேஷ் லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது, சென்னைக் காசும் சீனக் காசும் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது தமிழிலிருந்து, போர்த்துக்கீசியர் வழியாக’ என்று இரண்டு வாக்கியம் எழுதட்டும். பக்கத்தில் குறுந்தொகைக் கிளியையும் வெண்பா வாய்பாட்டையும் போடட்டும்.

எந்தத் தமிழ் மன்றமாவது அழைத்தால் அந்த 1803ஆம் ஆண்டுக் காசை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். மாணவர்கள் கையில் வாங்கி, எழுத்தை அவர்களே படித்துப் பார்க்கட்டும். பயணச் செலவு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற காசாளர் ஒருவர்